இறக்கையைத் தூக்கினால்தான் இன்ஜின்: சீ ஹாரியர் நினைவுகள்

சீ ஹாரியர் போர் விமானம் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, "நின்ன இடத்துலேயே இறங்குமாமே, நிஜமா?" என்றுதான். நிஜம்தான். ஓடுபாதை தேவையில்லாமல், கப்பலின் மேல்தளத்தில் செங்குத்தாக இறங்கும். அப்படி இறக்குவது விமானியின் திறமை. அப்படி இறங்கக்கூடிய நிலையில் அதை நாள்தோறும் வைத்திருப்பது எங்கள் வேலை.

நான் இந்தியக் கடற்படையின் விமானப் பிரிவில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவன். ஊர் இராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். ஒடிசாவில் சில்கா பயிற்சித் தளம், அப்புறம் கொச்சியில் விமானத் தொழில்நுட்பப் பயிற்சி, பிறகு கோவா டபோலிமில் உள்ள ஐ.என்.எஸ். ஹன்சா தளம். அங்கிருந்து ஐ.என்.எஸ். விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குப் போவதும் வருவதுமாகப் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. சீ ஹாரியரைப் பற்றி விமானிகள் நிறையப் பேசியிருக்கிறார்கள். கீழே நின்று ஸ்பேனர் பிடித்தவர்கள் பேசியது குறைவு. தமிழில் அதைவிடக் குறைவு. ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்துவிட்டு இயந்திரங்களோடு வேலை பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்குவாட்ரனின், அதாவது விமான அணியின், எண் 300, பெயர் வெள்ளைப் புலிகள். 1971 போரில் பழைய விக்ராந்த் கப்பலிலிருந்து கிளம்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய சீ ஹாக் விமானங்கள் இதே ஸ்குவாட்ரனுடையவை. அவற்றின் இடத்துக்கு வந்ததுதான் சீ ஹாரியர். முதல் மூன்று விமானங்கள் 1983 டிசம்பரில் டபோலிமுக்கு வந்தன. சில நாட்களிலேயே அப்போதைய ஸ்குவாட்ரன் தலைவர் அருண் பிரகாஷ் ஒன்றை விக்ராந்தில் கொண்டுபோய் இறக்கினார். பின்னாளில் கடற்படைத் தளபதியானவர் அவர். 1987-இல் விராட் வந்தது. ஹெர்மிஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த கப்பல் அது. 1982 ஃபாக்லாந்து போரில் அதே மேல்தளத்திலிருந்துதான் பிரிட்டனின் சீ ஹாரியர்கள் பறந்தன. ஆக, கப்பலுக்கு விமானம் புதிதல்ல, விமானத்துக்கும் கப்பல் புதிதல்ல.

வான்சண்டை, உளவு, தாக்குதல் என்று மூன்று வேலைக்கும் ஒரே விமானம், ஒரே விமானி. வயிற்றுக்கு அடியில் இரண்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள், கப்பல்களைத் தாக்க சீ ஈகிள் ஏவுகணை, எதிரி விமானத்துக்கு மாஜிக் ஏவுகணை. பிற்காலத்தில் இஸ்ரேலிய ராடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்தி மேம்படுத்தினார்கள். அது மின்னணுப் பிரிவின் வேலை, அவர்கள் எழுதினால்தான் முறை. நான் இன்ஜினுக்கு வருகிறேன்.

பெகாசஸ் என்று பெயர், ரோல்ஸ்ராய்ஸ் தயாரிப்பு. மற்ற போர் விமானங்களில் இன்ஜினின் புகைவாய் வாலில் இருக்கும். இதில் இன்ஜின் நடுவயிற்றில் உட்கார்ந்திருக்கும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு நாசில்கள், அதாவது காற்றை வெளியே பீய்ச்சும் வாய்கள். முன்னிரண்டிலும் ஃபேன் தள்ளும் காற்று வரும். அதைக் குளிர்ந்த காற்று என்று சொல்வோம், ஆனாலும் கை வைக்க முடியாது. பின்னிரண்டிலும் எரிந்த வாயு வரும். விமானியின் இடது கைப்பக்கம் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு அருகில் இன்னொரு லீவர் இருக்கிறது. அதை இழுத்தால் நான்கு நாசில்களும் ஒன்றாகப் பின்னாலிருந்து கீழே திரும்பும். பின்னால் நோக்கினால் விமானம் முன்னே பாயும். கீழே நோக்கினால் அந்தரத்தில் நிற்கும். உள்ளே சுழலும் இரண்டு தொகுதிகளையும் எதிரெதிர்த் திசையில் சுழல விட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால், அந்தரத்தில் நிற்கும்போது மூக்கைத் திருப்ப முயன்றாலே விமானம் வேறு பக்கம் சாயப் பார்க்கும்.

அந்தரத்தில் நிற்பதில் ஒரு சிக்கல் உண்டு. வேகம் இல்லாதபோது இறக்கையிலும் வாலிலும் இருக்கும் கட்டுப்பாட்டுத் தகடுகளால் ஒரு பயனும் இல்லை, அவற்றின் மேல் காற்றோட்டமே கிடையாது. அதனால் காற்றை அமுக்கும் இன்ஜினின் கம்பிரஸரிலிருந்து அழுத்தக் காற்றைக் குழாய் வழியாக மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள் ஆகிய இடங்களுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். விமானி ஸ்டிக்கை அசைத்தால் அந்தந்த நுனியிலிருந்து காற்று பீறிடும். 'பஃபர்' என்போம். தலையில் நிறைகுடத்தோடு வரப்பில் நடக்கிறவள் கழுத்தை இம்மியளவு அசைத்து அசைத்துத் தண்ணீர் தளும்பாமல் போவாளே, அந்த இம்மியளவு அசைவைத்தான் இந்தக் காற்று செய்கிறது. அந்தக் குழாயில் இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஓடுபாதையில் ஓடும்போது தெரியாது, உயரத்தில் பறக்கும்போதும் தெரியாது. கப்பலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் தெரியும். அப்போது திருத்திக்கொள்ள நேரமோ உயரமோ விமானியிடம் இருக்காது.

இன்ஜினை மாற்றுவதுதான் எங்கள் பிரிவின் பெரிய திருவிழா. வேறு விமானங்களில் இன்ஜினைப் பின்னாலோ கீழேயோ உருவிவிடலாம். சீ ஹாரியரில் இறக்கையைத் தூக்கினால்தான் இன்ஜின் கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்க இறக்கையும் சேர்ந்து ஒரே துண்டு. அதற்குள் எரிபொருள் தொட்டி, ஹைட்ராலிக் லைன், மின்கம்பிகள், கட்டுப்பாட்டுத் தண்டுகள், நான் மேலே சொன்ன பஃபர் குழாய்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, பிரித்த வாயை உடனே மூடிபோட்டு அடைத்து, சீட்டு கட்டி, எழுதி வைத்த பிறகுதான் கிரேன் கொக்கியே கீழே இறங்கும்.

தூக்கும்போது ஒவ்வொரு முனையிலும் ஒருவர் கையை வைத்து நிற்பார். கட்டளை ஒருவர் வாயிலிருந்து மட்டும்தான் வர வேண்டும். மற்றவர்கள் பேசக் கூடாது. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் விதிவிலக்கு: 'ஸ்டாப்'. அதை யார் வேண்டுமானாலும் கத்தலாம், அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த பையனும் கத்தலாம். கத்தியது தவறான காரணத்துக்கு என்று தெரிந்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள். பாரம் தூக்கும் எந்த இடத்திலும், அது கட்டுமான வேலையாகட்டும் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் இறக்குவதாகட்டும், இந்த ஏற்பாட்டைச் செய்து பாருங்கள். பாதி விபத்து நாலு பேர் நாலு கட்டளை கொடுப்பதால்தான் வருகிறது. மீதிப் பாதி, பார்த்தவன் சொல்லத் தயங்குவதால் வருகிறது.

இறக்கை திரும்ப ஏறிய பிறகுதான் நிஜமான வேலை. பிரித்த அத்தனையையும் சேர்க்க வேண்டும், கசிவு பார்க்க வேண்டும். எங்கள் சீஃப் ஒருவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு மாலை நேரம், குழாய் இணைப்பு ஒன்றை முடித்துவிட்டு நான் எழுந்தேன்.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சு சீஃப். பார்த்துட்டேன்."

"கண்ணு பார்த்தது சரி. பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாதே, அதை யார் பார்த்தது?"

திரும்பவும் கையை உள்ளே விடச் சொன்னார். டார்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டார். விரல் நுனியால் கிளாம்பைச் சுற்றித் தடவி, விளிம்பு ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா, லாக்கிங் வயர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லச் சொன்னார். லாக்கிங் வயர் என்பது போல்ட் தானாகக் கழன்றுவிடாமல் முறுக்கிக் கட்டும் மெல்லிய கம்பி. அது போல்ட்டை எப்போதும் இறுகும் திசையிலேயே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கட்டினால் கட்டியும் பலன் இல்லை. முனையை உள்ளே மடக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து கை விடுகிறவன் விரலைக் கிழித்துக்கொள்வான். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "இப்ப பார்த்தாச்சு"ன்னு சொல்லிவிட்டு, அவரும் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

அவர் தடவிப் பார்த்தது சந்தேகத்தால் அல்ல. இன்ஜின் கட்டுப்பாடு, விமானக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட எதையும் செய்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று இருந்தாக வேண்டும். இரண்டு கையெழுத்தும் எஃப் 700 என்ற பதிவேட்டில் ஏறும். அந்தப் புத்தகத்தில் விமானத்தின் மொத்த வாழ்க்கையும் இருக்கும். பறக்கப் போகும் விமானி அதைப் புரட்டிப் பார்த்துத் தானும் கையெழுத்திட்ட பிறகே ஏணியில் ஏறுவார். இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளை உருவி, எண்ணிக் காட்டுவோம். ஒன்று குறைந்தாலும் புறப்பாடு இல்லை. வெடித்து வெளியே வீசும் இருக்கை அது, உயிரைக் காப்பாற்றும் கடைசி வழி.

இதைச் சொல்லாமல் போக முடியாது. இந்தியா வாங்கிய சீ ஹாரியர்களில் பாதிக்கும் மேற்பட்டவை விபத்துகளில் போயின. விமானிகளையும் இழந்தோம். செங்குத்தாக இறங்கும் விமானம் பிழையைப் பொறுக்காது. ஒரு விமானம் திரும்பி வரவில்லை என்றால் முதலில் செய்வது அதன் பதிவேடுகளை எடுத்துப் பூட்டி வைப்பதுதான். அதில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்பது ஹேங்கரில் (விமானக் கூடத்தில்) நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். காரணம் என்னவாக இருந்தாலும், 'நான் கடைசியாகத் தொட்டது சரியாக இருந்ததா' என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் அந்த வேலையைத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் மனிதனைத் தாங்கிப் பிடிப்பது ஒன்றே ஒன்றுதான்: நான் பார்த்ததற்குத்தான் கையெழுத்துப் போட்டேன் என்ற நிச்சயம். 'நீ போடுப்பா, நான் பார்த்துட்டேன்' என்று சொல்லி நீட்டப்படும் எந்தக் காகிதத்திலும் இன்றுவரை நான் கையெழுத்துப் போடுவதில்லை. அப்பார்ட்மென்ட் லிஃப்ட் பராமரிப்புச் சீட்டாக இருந்தாலும் சரி.

கப்பலுக்குப் போனால் வாழ்க்கையே வேறு. விராட்டின் முன்முனையில் 12 டிகிரி மேல்நோக்கி வளைந்த ஸ்கை ஜம்ப். விமானம் ஓடி வந்து அதில் ஏறி எகிறும்போது விமானி நாசில் லீவரை, முன்பே குறித்து வைத்த கோணத்துக்கு இழுப்பார். கொஞ்ச தூரம் அது பறக்கிறதா விழுகிறதா என்று புதியவர்களுக்குப் புரியாது. திரும்பி வரும்போது கப்பலின் இடது பக்கம் வந்து, கப்பலின் வேகத்துக்குச் சமமாகத் தானும் நகர்ந்துகொண்டு அந்தரத்தில் நிற்கும். அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு மேலே வந்து, பொத்தென்று உட்காரும். காதுக் கவசத்தையும் மீறி அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அதிரும். சக்கரம் தொட்டதும் கட்டைகளோடும் சங்கிலிகளோடும் ஓடிப்போய்த் தளத்து வளையங்களில் விமானத்தைப் பிணைக்க வேண்டும். இறக்கை நுனியில் இருக்கும் சின்னத் துணைச் சக்கரங்கள் விமானம் சாயாமல் தாங்கும், ஆனால் கப்பல் ஆடும்போது அதை நம்பி விட்டுவிட முடியாது.

அரபிக்கடலின் வெயில் எங்களுக்குத் தனிப் பாடம். வட அட்லாண்டிக்கின் குளிரை மனதில் வைத்துச் செய்த விமானம் இது. காற்று சூடானால் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் இன்ஜினின் உந்துவிசை குறையும். செங்குத்தாக இறங்க, உந்துவிசை விமானத்தின் எடையை மிஞ்சியே ஆக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. சுமையோடு திரும்பி வந்தால் எரிபொருளைக் கடலில் கொட்டிவிட்டு இறங்க வேண்டியிருக்கும். இதற்கென்றே விமானத்தில் சுமார் 225 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஏற்றுவோம். இறங்கும் சமயத்தில் அதை இன்ஜினுக்குள் பீய்ச்சினால், எரிந்த வாயுவால் சுழலும் டர்பைனின் சூடு தணியும், அதைக் கொண்டு இன்ஜினை இன்னும் கொஞ்சம் விரட்டலாம். மொத்தத் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்குத்தான் வரும். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீரில் உப்போ தாதுவோ கலந்திருந்தால் டர்பைன் இதழ்களில் படிந்து கெடுக்கும், அதனால் சோதித்த பிறகே ஏற்றுவோம்.

கடலின் உப்பு வேறு. ஒவ்வொரு நாளும் பறந்து முடிந்ததும் நன்னீரால் விமானத்தைக் கழுவ வேண்டும், கம்பிரஸரையும் கழுவ வேண்டும். கப்பலில் நன்னீர் என்பது அளந்து கொடுக்கும் பொருள். நாங்கள் ஒரு வாளியில் குளித்துக்கொண்டு விமானத்தைத் தாராளமாகக் குளிப்பாட்டுவோம். அதில் ஒருவருக்கும் மனத்தாங்கல் இருந்ததில்லை. கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்கள், மீன்பிடிப் படகு இன்ஜின் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: துரு பிடித்த பிறகு சுரண்டுவதற்கு ஆகும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட, தினமும் நன்னீர் ஊற்றிக் காயவைப்பதற்கு ஆகாது. எண்ணெய் பூசுவது அதற்கு அப்புறம்தான். உப்பின் மேலேயே எண்ணெய் பூசினால் துருவுக்குப் போர்வை போர்த்திவிட்ட கதைதான்.

காலையில் பறப்பு தொடங்கும் முன் தளம் முழுக்க வரிசையாகத் தோளோடு தோள் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே நடப்போம். அதிகாரி, சமையல்காரர் என்ற பேதமில்லை. ஒரு கம்பித் துண்டு, கழன்ற ஸ்க்ரூ, பெயிண்ட் செதில் எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். சீ ஹாரியரின் இன்டேக், அதாவது காற்றை இழுக்கும் வாய், இரண்டும் அண்டா வாய் அகலம். உள்ளே இழுத்துக்கொண்டால் ஒரு நட்டு போதும், இன்ஜின் போய்விடும். கருவிகளுக்கும் இதே கண்டிப்பு. டூல் பாக்ஸில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவிலேயே ஒரு பள்ளம். வேலை முடிந்து பெட்டியைத் திறந்தால் காலிப் பள்ளம் தானே கூப்பிடும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே ஷிஃப்ட் மாறும்போது வெளியே போகிறவரும் உள்ளே வருகிறவரும் கேட் அருகே சந்தித்து, "மூணாவது மெஷின் பாதி பிரிச்சிருக்கு, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் அப்படிப் பாதி பிரித்த பம்பில் கப்ளிங் போல்ட் இறுக்காமலே ஓட்டிவிட்டார்கள். நல்லவேளை, ஆளுக்குக் காயம் இல்லை. அதன்பின் நான் கேட்டுக்கொண்டது மூன்று விஷயம். பொறுப்பை ஒப்படைப்பது மெஷின் பக்கத்தில் நின்றுதான் நடக்க வேண்டும். பாதி வேலையைத் தாளில் எழுதி மெஷினிலேயே கட்டித் தொங்கவிட வேண்டும். யாராவது கூப்பிட்டு வேலையை நடுவில் நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, இரண்டு மூன்று படி பின்னால் போய்த் தொடங்க வேண்டும். இந்த மூன்றாவது பழக்கம் ஹேங்கரில் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. இளைஞர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். அனுபவசாலிகளுக்குத்தான் கொஞ்ச நாள் ஆயிற்று.

இன்னொன்று, காது. எங்கள் தலைமுறையில் பலருக்கு இப்போது இடைவிடாத ரீங்காரம். இரண்டு நிமிட வேலைதானே என்று கவசத்தைக் கழற்றிய அந்த இரண்டு நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து வந்தது அது. ஜெனரேட்டர் அறையிலோ தறிக்கூடத்திலோ வேலை செய்கிறவர்கள் பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், போதாது.

2016 மே மாதம் கோவாவில் சீ ஹாரியர்களுக்கு விடைகொடுத்தார்கள். வெள்ளைப் புலிகள் ஸ்குவாட்ரன் மிக்-29கே விமானத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் விராட்டும் ஓய்வு பெற்றது. விராட்டை அருங்காட்சியகமாக்குவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். 2020-இல் குஜராத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் அலங் கடற்கரைக்கு இழுத்துப்போய் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். பழைய விக்ராந்துக்கும் இதே கதிதான். பராமரிப்புச் செலவு அதிகம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டில் ஒன்றையாவது வைத்திருந்திருக்க வேண்டும். போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஒரு குழந்தை நடந்து பார்ப்பது வேறு, படத்தில் பார்ப்பது வேறு.

விமானங்கள் சில மிஞ்சியிருக்கின்றன. கோவாவில் போக்மாலோ போகும் வழியில் இருக்கும் கடற்படை விமான அருங்காட்சியகத்திலும், விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையிலும் சீ ஹாரியரைப் பார்க்கலாம். போனால் காக்பிட்டை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கண்ணாடிக்கு முன்னால் மூக்கின் மேல் ஒரு சின்னத் தகடு நிற்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விமானிக்குக் காட்டும் திசைகாட்டி அது. அந்தரத்தில் நிற்கும்போது அத்தனை மின்னணுக் கருவிகளுக்கு நடுவில் விமானி அதையும் நம்புவார். மேல்கண்ணாடியில் நெளிநெளியாக ஒரு கோடு ஓடும், விமானி வெளியேறும்போது கண்ணாடியை உடைக்கும் வெடிகயிறு அது. இன்டேக்கைச் சுற்றி வரிசையாகச் சின்னக் கதவுகள் இருக்கும், இன்ஜின் ஓடாதபோது மேல்பக்கத்துக் கதவுகள் தம் எடையிலேயே உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். பழுது என்று நினைத்துவிட வேண்டாம். பின் நாசிலுக்குப் பின்னால் உடலில் உலோகக் கவசம் ஒன்று பதித்திருப்பார்கள், சூடு தாங்க. முன் நாசிலுக்கு அது கிடையாது. அப்புறம் இறக்கை நுனிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், பஃபரின் வாய் தெரியும். இத்தனை பெரிய விமானத்தை நிமிர்த்திப் பிடித்த துவாரம் எவ்வளவு சின்னது என்று கூட வரும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.